இத்தாலியில் வழி கேட்பது எப்படி? தமிழ் நாக்குக்கு ஒரு பாடம்

வெனிஸின் குறுகிய சந்துகளில் போனிலுள்ள நீலப்புள்ளி கால்வாய்க்கு அந்தப் பக்கம் தாவிவிடும். அங்கே வாய்தான் வழி. நான் போவதற்கு முன் படித்ததும், போன பின் திருத்திக்கொண்டதும் இதோ.

1. கேட்பது

"ஸ்கூசி, பெர் அந்தாரே ஆ ரியால்தோ?" (மன்னிக்கணும், ரியால்தோவுக்கு எப்படிப் போகணும்?) ரயில் நிலையம் என்றால் "ஆல்லா ஸ்தாட்சியோனே". இந்த ஒரு வாக்கியம் போதும்.

2. பதிலைப் புரிந்துகொள்வது

தெஸ்த்ரா வலது, சினிஸ்த்ரா இடது, த்ரீத்தோ நேர். தெஸ்த்ராவும் த்ரீத்தோவும் அவசரத்தில் ஒன்றுபோலக் கேட்கும், கையையும் பாருங்கள். "இன் ஃபொந்தோ" என்றால் தெருக்கோடியில்.

3. 'ந்த'வை உடைப்பது

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்க "குவான்தோ மன்கா?" என்பார்கள். நான் நம் வழக்கப்படி 'பந்து'வில் வரும் 'ந்து' போல மென்மையாக "குவாந்தோ" என்றேன். அந்தக் கடைக்கார அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "குவாந்தோ?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். குவாந்தோ என்றால் 'எப்போது'!

தமிழில் மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினம் தானாக மென்மையாகிவிடும். இத்தாலியனில் அது பொருளையே மாற்றும். 'பத்து'வின் த, 'பக்கம்' என்பதன் க, 'தப்பு'வின் ப: இவற்றை அப்படியே கொண்டுவாருங்கள். முதலில் "குவான்" சொல்லி நிறுத்தி, பிறகு "தோ". மெல்ல இடைவெளியைக் குறையுங்கள். பொன்-தே (பாலம்), கம்-போ (சதுக்கம்), செம்-ப்ரே த்ரீத்தோ (நேராகவே போங்க) எல்லாம் இப்படித்தான்.

ஆனால் அந்தாரே, ஃபொந்தோ இரண்டும் நம் 'ந்த'வேதான். பயிற்சிக்கு நல்ல சொல் ஃபொந்தாமென்-தா (கால்வாயோர நடைபாதை): ஒரே சொல்லில் இரண்டு ஒலியும் உண்டு. த்ரீத்தோவின் இரட்டைத் த் நமக்குப் பிறவியிலேயே வரும்.

ஒலி கேட்க ஃபோர்வோ தளம்தான் என் தேர்வு. அங்கே பேசுவது நிஜ மனிதர்கள். இயந்திரக் குரலை நம்பிப் பழகாதீர்கள். வரைபடத்துக்கு ஆர்கானிக் மேப்ஸ்; நெட் இல்லாமலும் நடைவழி காட்டும்.

4. வெனிஸ் சொற்கள்

தெரு அங்கே கால்லே. ரியோ தெரா என்பது தூர்த்த கால்வாய்மேல் போட்ட தெரு. சுவரில் மஞ்சள் பலகையில் "பெர் ரியால்தோ", "ஆல்லா ஃபெர்ரோவியா" (ரயிலடிக்கு) என்று இருக்கும். வீட்டு எண்கள் தெருவாரியாக இல்லை. நகரின் 6 பகுதிகளுக்கும் தனித்தனி வரிசை. காஸ்தெல்லோ பகுதியில் எண் 6000-ஐத் தாண்டும். அதனால் விடுதியிடம் பக்கத்துக் கம்போவின் பெயரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: தொலைந்துபோனால் "மி சோனோ பெர்சோ" என்று முன்பு எழுதியிருந்தேன். பெண்கள் "பெர்சா" என்று சொல்ல வேண்டும் என ஒரு வாசகி சுட்டிக்காட்டினார், நன்றி. இன்னொருவர் புளோரன்ஸில் கடை எண்ணைத் தேடி வீட்டு வாசலில் நின்றிருக்கிறார். அங்கே கடைகளுக்குச் சிவப்பு எண் தனி வரிசை. முகவரியில் எண்ணுக்குப் பின் 'ஆர்' எழுத்து இருந்தால் சிவப்பு எண்ணைத் தேடுங்கள்.