மூடிப்போன ரயில் நிலையத்தின் வரலாற்றைத் திரட்டுவது எப்படி? தனுஷ்கோடி ஓர் எடுத்துக்காட்டு

முதலில் ஒரு நோட்டில் மூன்று தேதிகளுக்கு இடம் விடுங்கள்: கடைசி ரயில் ஓடிய நாள், பாதையைக் கைவிட முடிவான நாள், தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த நாள். இந்த மூன்றையும் ஒன்றாக்கி 'நிலையம் மூடிய வருஷம்' என்று எழுதுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. தனுஷ்கோடியில் முதல் தேதி தெளிவு: 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல். ஆனால் இலங்கையின் தலைமன்னாருக்குப் போன கப்பல் அதோடு நின்றுவிடவில்லை. ராமேஸ்வரத்திலிருந்து 1980கள் வரை ஓடியது. ரயிலுக்கும் கப்பலுக்கும் தனித்தனியாகத் தேதி குறியுங்கள்.

அடுத்தது வரைபடம். களத்துக்குப் போவதற்கு முன்பே, புயலுக்கு முந்தைய சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தைப் பார்த்துவிட வேண்டும். இன்றைய சாலை ராமேஸ்வரம் வழியாகப் போவதால் பழைய தண்டவாளத்தையும் அங்கிருந்தே தேடுகிறார்கள். அது தவறு. பாதை பாம்பனிலேயே இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ராமேஸ்வரத்துக்கு, இன்னொன்று நேராகத் தனுஷ்கோடிக்கு.

கால அட்டவணையை ஒரே ஒரு வருஷத்துக்கு மட்டும் பார்த்தால் போதாது. பாம்பன் பாலம் திறந்தது 1914 பிப்ரவரியில். அதற்கு முன் இலங்கைப் பயணிகள் தூத்துக்குடி போய்க் கொழும்புக்குக் கப்பல் ஏறினார்கள். ஆகவே 1913, 1914 அட்டவணைகளை அருகருகே வைத்துப் படித்தால்தான் தனுஷ்கோடி எதற்காகப் பிறந்தது என்பது விளங்கும். ஆவணக் காப்பகப் பட்டியல்களில் தேடும்போது திருச்சி, தஞ்சை என்று தேடாதீர்கள். டிரிச்சினாப்பள்ளி, டாஞ்சூர், டூட்டிகோரின் என்ற பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில்தான் கோப்புகள் கிடைக்கும். 1944க்கு முந்தையவை சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனி பெயரில் இருக்கும், 1951 ஏப்ரலுக்குப் பிந்தையவை தெற்கு ரயில்வே பெயரில்.

செய்தித்தாளில் விபத்துக்கு மறுநாள் இதழோடு நிறுத்தினால் ஏமாந்துபோவீர்கள். தகவல் தொடர்பு அறுந்த இடத்திலிருந்து வரும் முதல் எண்ணிக்கை பின்னால் மாறும். குறைந்தது பத்து நாள் இதழ்களைப் புரட்டுங்கள். அந்தப் புயலில் அலை வாரிக்கொண்டு போன ரயில், இலங்கைக் கப்பலோடு இணைந்து ஓடிய சென்னை ரயிலான போட் மெயில் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். உண்மையில் அது பாம்பனிலிருந்து வந்த 653ஆம் எண் பாசஞ்சர். அதில் உயிரிழந்தவர்களுக்காகவாவது இந்தத் தவறைத் திருத்தியாக வேண்டும்.

களத்தில் ஒரு துண்டுத் தண்டவாளம் கிடைத்தால் அதன் பக்கவாட்டு நடுத்தகட்டைப் பாருங்கள். தயாரித்த ஆலையின் பெயரும் வருஷமும் புடைத்த எழுத்தில் இருக்கும். துரு மறைத்திருந்தால் சுண்ணாம்புக்கட்டியைப் படுக்கவைத்துத் தேயுங்கள், எழுத்து வெள்ளையாக எழும்பும். பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து, சாய்வெயிலில் படம் எடுங்கள். உச்சிவெயிலில் எழுத்து தெரியாது. ஆனால் அந்த வருஷத்தை நிலையம் கட்டிய வருஷமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய பாதையில் தேய்ந்த தண்டவாளத்தைக் கிளைப்பாதையிலும் யார்டிலும் மறுபடி போடுவது ரயில்வேயில் வழக்கம். இரு தண்டவாளமும் இடம் மாறாமல் கிடந்தால், உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு அளந்து பாருங்கள்: 1000 மி.மீ. என்றால் மீட்டர் கேஜ். துண்டு எதையும் எடுத்து வராதீர்கள். இடம் மாறிய பொருளுக்குச் சாட்சி மதிப்பு இல்லை.

ஓய்வுபெற்ற கேங்மேன் (தண்டவாளம் பராமரிப்பவர்), பாயின்ட்ஸ்மேன்களிடம் (ரயில் தடம் மாற்றிவிடுபவர்) 'எந்த வருஷம்?' என்று கேட்டால் தடுமாறுவார்கள். 'புயலுக்கு முன்னாலயா, பின்னாலயா? உங்க பெரிய பையன் பிறந்துட்டானா?' என்று கேளுங்கள். விடை தானாக வரும். அதை அட்டவணையோடு ஒத்துப்பார்த்த பிறகே நோட்டில் மையால் எழுதுங்கள், அதுவரை பென்சில்.