கழுத்திலிருந்து கிளம்பும் தலைவலி: வீட்டில் செய்யக்கூடிய பயிற்சிகள், படிப்படியாக

பிடரியில் ஒரு பக்கம் இறுக்கமாகத் தொடங்கும். மெல்ல மேலேறி, காதுக்குப் பின்னால் போய், கடைசியில் அதே பக்கத்துக் கண்ணுக்குப் பின்னாலோ நெற்றியிலோ உட்கார்ந்துகொள்ளும். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு நாள் கழிந்த பிறகு அதிகமாகும். வண்டியை ரிவர்ஸ் எடுக்கத் திரும்பினால், கழுத்து ஒரு பக்கம் முழுசாகத் திரும்பாது. இது உங்களுக்குப் பொருந்தினால், தைலத்தை நெற்றியில் தடவிக்கொண்டிருப்பதில் பெரிய பலன் இல்லை. வலி தெரிகிற இடம் நெற்றி, கிளம்புகிற இடம் கழுத்து.

கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும், முகத்துக்கும் நெற்றிக்கும் உணர்வு தரும் நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே செல் கூட்டத்தில் வந்து சேர்கின்றன. அதனால் சேதி எங்கிருந்து வந்தது என்பதில் மூளை குழம்பிவிடுகிறது. இந்தத் தலைவலியைத் தனி வகையாகப் பெயரிட்டு 1983-இல் விவரித்தவர் நார்வேயைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் ஒட்டார் ஸ்யோஸ்டாட்.

முதலில்: இதைச் செய்யக்கூடாதவர்கள்

திடீரென்று, சில நொடிகளில் உச்சத்துக்குப் போன தலைவலி. காய்ச்சலோடு கழுத்து விறைப்பு. விழுந்தோ விபத்திலோ அடிபட்ட பின் வந்த வலி. இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், முகம் அல்லது கை கால் மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம். இதுவரை இல்லாத மாதிரி கழுத்தில் கடும் வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சி வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தலைவலியையும் மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

வாந்தி உணர்வு, வெளிச்சம் பட்டால் தாங்க முடியாமை, விண்விண்ணென்று தெறிக்கும் வலி, இவையே பெரிதாக இருந்தால் அது மைக்ரேனாக இருக்கலாம். மைக்ரேனிலும் கழுத்து வலிக்கும் என்பதால் இரண்டையும் பிரிப்பது கஷ்டம்தான். மாதத்தில் பாதி நாள் வலி மாத்திரை போடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையே தலைவலியை நீட்டிக்கும். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படி 1: எந்தப் பக்கம் பூட்டிக்கிடக்கிறது?

மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் உங்கள் தலையைத் தாங்கி, தாடை நெஞ்சை நோக்கி வரும்படி முழுசாக மடக்கட்டும். அதே நிலையில் தலையை மெதுவாக இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பட்டும். இப்படி மடக்கும்போது கீழ்க்கழுத்து எலும்புகள் அசையாமல் நின்றுவிடும். மிச்சத் திருப்பம் பெரும்பாலும் மேலே உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே நடப்பது. சாதாரணமாக ஒவ்வொரு பக்கமும் சுமார் 45 டிகிரி திரும்பும். ஒரு பக்கம் 10 டிகிரியோ அதற்கு மேலோ குறைந்தால் சிக்கல் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். அளவுகோல் தேவையில்லை, வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். வலித்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

படி 2: ஒத்தடம்

வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிப் பிடரியில் 15 நிமிடம் வையுங்கள். தசை இளகும், அவ்வளவுதான். ஒத்தடமே வைத்தியம் என்று அதோடு நின்றுவிடுகிறவர்கள்தான் பல பேர்.

படி 3: ஆம் என்று தலையாட்டுவது

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைச் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

சுமார் ஐந்து கிலோ எடையுள்ள தலையை நிமிர்த்தி வைக்கும் வேலையில், கழுத்தெலும்பின் முன்பக்கம் ஒட்டிக் கிடக்கும் மெல்லிய ஆழத்தசைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த வகைத் தலைவலி உள்ளவர்களிடம் இவை சோர்ந்திருக்கும். அவற்றின் வேலையை மேல்தசைகளும் பிடரித் தசைகளும் இழுத்துப் போட்டுச் செய்து, நாள் முழுக்க இறுகிக் கிடக்கும். அந்த இறுக்கத்தை எவ்வளவு நீவிவிட்டாலும், ஆழத்தசை எழுந்து வேலை செய்யாதவரை மறுநாள் திரும்ப வந்துவிடும்.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். தலைக்கடியில் துண்டை மடித்து வைத்து, நெற்றியும் தாடையும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி பாருங்கள். உதடுகள் மூடியிருக்கட்டும், பற்கள் லேசாக விலகியிருக்கட்டும், நாக்கு மேலண்ணத்தைத் தொடட்டும். இப்போது மிக மெதுவாக ஒரு சின்ன "ஆம்". நம் ஊரில் சம்மதத்துக்குப் பக்கவாட்டில் ஆட்டுவோமே, அது இல்லை. தாடை தொண்டையை நோக்கி இறங்க வேண்டும், பின்மண்டை துண்டின்மேல் உச்சிப் பக்கமாக வழுக்க வேண்டும். தலை துண்டைவிட்டுக் கிளம்பவே கூடாது.

ஒரு கையின் விரல்களைக் கழுத்தின் முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். காதுக்குக் கீழிருந்து நெஞ்செலும்புக்கு வரும் இரண்டு பட்டைத் தசைகள் கயிறு மாதிரி புடைத்தால் நீங்கள் அளவுக்கு மேல் முயல்கிறீர்கள். பாதியாகக் குறையுங்கள். மூச்சை அடக்காதீர்கள். முதல் வாரம் 5 நொடி நிறுத்தினால் போதும். பிறகு 10 நொடி, 10 முறை, காலையும் மாலையும்.

செய்து முடித்ததும் "இதில் என்ன இருக்கிறது?" என்று தோன்றும். வியர்க்காது, வலிக்காது, எதுவும் செய்த மாதிரியே இருக்காது. அதனால்தான் பலர் பாதியில் விடுகிறார்கள். பிசியோதெரபி நிலையங்களில் கழுத்துக்கடியில் ஒரு காற்றுப் பையை 20 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்கு ஊதி வைத்து, தலையாட்டி அதை 22, 24 என்று 30 வரை ஏற்றச் சொல்வார்கள். முள் நடுங்காமல் பத்து நொடி நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் தெரியும்.

படி 4: துண்டு வைத்துத் திருப்புவது

படி 1-இல் ஒரு பக்கம் குறைவாகத் திரும்பியவர்களுக்கு மட்டும். முதல் முறை ஒரு பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்துபார்ப்பது நல்லது.

வலப்பக்கம் திரும்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். நிமிர்ந்து உட்காருங்கள். துண்டின் விளிம்பு, பின்மண்டை முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே பிடரியில் பதியட்டும். துண்டின் இடது முனை இடது கன்னத்தின் மேலாக முன்னால் வரும், அதை வலது கையால் பிடியுங்கள். வலது முனை நெஞ்சின் குறுக்கே கீழே இறங்கும், அதை இடது கையால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கைகள் குறுக்காகத்தான் இருக்கும். வலது கையால் துண்டை வாய் மட்டத்தில் முன்னோக்கி இதமாக இழுத்தபடியே முகத்தை வலப்பக்கம் திருப்புங்கள். கடைசியில் 3 நொடி நிறுத்தித் திரும்பி வாருங்கள். ஒரு வேளைக்கு 2 முறை போதும், நாளைக்கு இரு வேளை. வலிக்கவே கூடாது. வலித்தால் துண்டு இடம் மாறியிருக்கும், அல்லது இழுவை அதிகம். தலை சுற்றினால் அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

படி 5: தோள்பட்டை

உட்கார்ந்தபடி தோள்பட்டை எலும்புகளை லேசாகப் பின்னாலும் கீழும் கொண்டுபோய் 10 நொடி வையுங்கள். ராணுவ அணிவகுப்பு வேண்டாம், கால்வாசி பலம் போதும். வேலைக்கு நடுவே அரை மணிக்கு ஒரு தடவை செய்தால் சரி.

நாள் முழுக்கச் செய்கிற மற்றவை

திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும். இருபார்வைக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. கீழ்ப்பாதி வழியாகப் பார்க்கத் தாடையைத் தூக்குவதால் பிடரி நசுங்கும், அவர்கள் திரையை இன்னும் இறக்கி வைக்க வேண்டும். தலையணை இரண்டு வேண்டாம், குப்புறப் படுக்க வேண்டாம்.

அப்புறம், சலூனில் மசாஜ் முடிந்ததும் கழுத்தைச் சட்டென்று திருகி நெட்டி எடுப்பார்களே, அதற்குச் சம்மதிக்காதீர்கள். மூளைக்குப் போகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்பின் ஓட்டைகள் வழியாக ஏறுகின்றன. திருகலில் அவற்றின் உட்சுவர் கிழிந்து, ரத்தம் கட்டி, பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

எத்தனை நாளில் தெரியும்?

ஆஸ்திரேலியாவில் 200 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வு ஒன்று 2002-இல் வெளியானது. கையால் செய்யும் மூட்டுச் சிகிச்சை, மேலே சொன்ன மாதிரியான பயிற்சி, இரண்டும் சேர்த்து, எதுவும் இல்லாமல் என்று நான்கு. சிகிச்சை ஆறு வாரம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும், சிகிச்சை பெற்ற மூன்று குழுக்களுக்கும் தலைவலி வரும் நாட்களும் கடுமையும் குறைந்தே இருந்தன.

ஆகவே நீங்களும் ஆறு வாரம் கொடுங்கள். ஒரு காலண்டரில் தலைவலி வந்த நாளை மட்டும் வட்டமிட்டு வாருங்கள். மூன்றாவது வாரத்திலும் வட்டங்கள் குறையவில்லை என்றால் பயிற்சியின் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். காலண்டரோடு ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போய், படி 3-ஐ அவர் முன்னால் செய்து காட்டுங்கள். பெரும்பாலும் தலை துண்டைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருக்கும்.