மனதுக்குள் சொல்வதற்கும் அளவு எடுங்கள்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில்தான் என் தையல் மெஷின் இருக்கிறது. போன தீபாவளிக்கு முந்தின வாரம் 9 பிளவுஸ் கையில். வெளியே மழை, கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. அந்த அவசரத்தில் ஒரு அக்காவின் பட்டு பிளவுஸில் முன்கழுத்தை அரை அங்குலம் கூடுதலாக இறக்கி வெட்டிவிட்டேன். கத்தரிக்கோலைக் கீழே வைக்கக்கூட இல்லை, உள்ளே தொடங்கிவிட்டது: “உனக்கு ஒண்டும் சரிவராது. எப்பவும் இப்பிடித்தான். இனி ஒருத்தரும் துணி தரமாட்டாங்க.”

நெஞ்சு படபடத்தது, விரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தோடு அடுத்த துணியைத் தொட்டிருந்தால் அதுவும் பிழையாகியிருக்கும். தெருநாய் துரத்தினாலும், இப்படி ஒரு வசனம் துரத்தினாலும் உடம்பு ஒரே மாதிரித்தான் பதறும். அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், தோள் இறுகும். நாய் போனதும் அடங்கிவிடும். வசனமோ சோறு சமைக்கும்போதும் படுக்கும்போதும் கூடவே வரும். அதனால்தான் வேலை குறைவான நாளிலும் களைத்துப்போகிறோம்.

நான் செய்வதைச் சொல்கிறேன். முதல் வேலை, அந்த வசனத்தைப் பிடிப்பது. 1960களில் ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், மனச்சோர்வோடு வந்தவர்களிடம் ஒன்றைக் கவனித்தார். அவர்கள் வாய்விட்டுச் சொல்லும் பேச்சுக்கு அடியில் இன்னொரு பேச்சு தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஓடுவது அவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது, உடம்புதான் காட்டிக்கொடுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன் என்று உணர்ந்தால் மெஷினை நிறுத்துவேன். மூச்சை நாலைந்து தரம் மெதுவாக, நீளமாக வெளியே விடுவேன். பிறகு அளவுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், உள்ளே கேட்டதைக் கேட்டபடியே எழுதுவேன். திருத்தி, அழகாக்கி எழுத வேண்டாம். எந்தச் சொல் சுட்டதோ அதே சொல்லைத்தான் எழுத வேண்டும்.

அடுத்தது, எழுதியதை அளப்பது. என் பக்கங்களைப் புரட்டினால் எப்பவும், ஒருநாளும், எல்லாரும், ஒண்டுக்கும் என்ற நாலு சொல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. ‘எப்பவும்’ எத்தனை அங்குலம்? அளவு நாடாவை எங்கே வைப்பது? அந்தச் சொற்களின் கீழ் கோடு போட்டுவிட்டு, நடந்ததை மட்டும் திரும்ப எழுதுகிறேன். அன்றைக்கு எழுதியது இது: “முன்கழுத்து அரை அங்குலம் கூடிவிட்டது. வெட்டின துணியில் மிச்சம் இருக்கிறது. பட்டி வைத்து மூடலாம். அக்காவிடம் இன்றைக்கே சொல்ல வேண்டும்.” கவனித்தீர்களா, இதில் எனக்கு ஒரு பாராட்டும் இல்லை. ‘நான் திறமைசாலி’ என்று எழுதி ஒட்டி வைத்தும் பார்த்திருக்கிறேன். பிழையாக வெட்டின துணி மடியில் கிடக்கும்போது அதை மனம் நம்பவே இல்லை. அளவான உண்மையைத்தான் நம்புகிறது.

எழுதியும் அடங்காவிட்டால், என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இன்னொருத்தியிடம் கதைப்பதுபோல் எனக்கே சொல்வேன்: “சரி பிள்ளை, இப்ப என்ன செய்யலாம் எண்டு பாப்பம்.” மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஈதன் குரோஸும் அவரோடு சேர்ந்தவர்களும் இதைச் சோதித்து 2014இல் வெளியிட்டிருக்கிறார்கள். மேடைப் பேச்சு போன்ற பதற்றமான வேலைக்கு முன் ‘நான்’ என்று நினைக்காமல் தன் பெயரையே சொல்லி யோசித்தவர்களுக்குப் பதற்றம் குறைவாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பிழை விட்டால் ‘நீ ஒண்டுக்கும் உதவாதவள்’ என்று நமக்கு வாய் வராதே. அந்த இரக்கம் நமக்கும் உரியதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வசனத்தை மாற்றினால் கடன் குறையாது, வீட்டில் அடிக்கிறவர் அடிப்பதை நிறுத்தமாட்டார். அப்படிப்பட்ட பாரத்தை ‘என் எண்ணம்தான் பிழை’ என்று தயவுசெய்து உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அதற்கு ஆள் துணை வேண்டும். அதேபோல இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் சாப்பாடும் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் கொப்பி போதாது, வைத்தியரிடம் போங்கள். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் ஒருநாளும் காத்திருக்க வேண்டாம். இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு உடனே போன் எடுங்கள்.

அந்த அக்காவுக்கு அன்றே போன் எடுத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “சரி, பட்டி வெளியில தெரியாமத் தை” என்றார். அவருக்கு மனவருத்தம்தான். அதையும் கொப்பியில் உள்ளபடியே எழுதினேன்.

போன கிழமை என்னிடம் தையல் பழகும் பிள்ளை ஒரு பிளவுஸின் இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். “நான் மக்கு அக்கா, எனக்கு இது வராது” என்று கண் கலங்கினாள். கொப்பியைத் திறந்து நீட்டினேன். முதல் வரியில் மக்கு என்று எழுதி, அதைக் கோடு போட்டு வெட்டினாள். அதன் கீழே, “கை மாறிவிட்டது. பிரிக்க 20 நிமிடம்” என்று எழுதிவிட்டு, ஊசியை எடுத்து முதல் நூலைத் தூக்கினாள்.