கொடைக்கானலில் பார்த்த செடியைத் தாவரவியல் சங்கம் வரை கொண்டுபோவது எப்படி?

கொடைக்கானல் பக்கம் தெரியாத செடி ஒன்று கண்ணில் பட்டால் என்ன செய்வோம்? போனில் ஒரு படம் எடுத்து, "அரிய மூலிகை" என்று வாட்ஸாப்பில் போட்டுவிட்டுப் போய்விடுவோம். அந்தப் படத்தை வைத்து யாரும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. குறிஞ்சி என்று நாம் பொதுவாகச் சொல்வதிலேயே பல இனங்கள் உண்டு, எல்லாம் 12 வருடத்துக்கு ஒருமுறை பூப்பதும் இல்லை.

இந்தியத் தாவரவியல் சங்கம் 1920-லிருந்து இருக்கிறது. அதன் இதழுக்கு விதை போட்டவர் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பைசன். நீலகிரி, பழனி மலையுச்சிகளின் செடிகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவரும் அவர்தான். ஆகவே நம் மலைக்கும் சங்கத்துக்கும் பழைய உறவு. பேராசிரியர்களுக்கான இடம் என்று ஒதுங்க வேண்டாம். நீங்கள் பார்த்ததை விவரம் தெரிந்த நாலு பேர் சரிபார்த்து, நாளைக்கும் கிடைக்கிற மாதிரி அச்சில் ஏற்றுவதுதான் இப்படிப்பட்ட சங்கத்தின் முக்கிய வேலை.

முதலில் அனுமதி. வனத்துறை எழுத்தில் தராமல் சோலைக்குள் ஓர் இலையைக்கூடப் பறிக்காதீர்கள். பழகுவதற்கு உங்கள் தோட்டத்து வேலியோரமே போதும்.

பூவோடு, முடிந்தால் காயோடும், ஒரு அடி நீளக் கிளையாக வெட்டுங்கள். ஒரே செடியில் இரண்டு மூன்று கிளை எடுத்தால் நல்லது. செய்தித்தாளுக்குள் விரித்து, ஓர் இலையையாவது அடிப்பக்கம் தெரியும்படி திருப்பி வைத்து, மேலே கனமாக எதையாவது ஏற்றுங்கள். தாளைத் தினமும் மாற்ற வேண்டும், இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். கொடைக்கானல் பனிமூட்டத்தில் தாள் காயவே காயாது; நான் முதல் தடவை நாலு நாள் அப்படியே விட்டுவிட்டுத் திறந்தால் இலை முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம், வாசனை வேறு. அப்புறம் அடுப்புக்கு மேலே இருக்கிற பரணில் வைத்துத்தான் காயவைத்தேன்.

குறிப்பை அந்த இடத்திலேயே எழுதிவிடுங்கள், ஏனென்றால் காய்ந்த பிறகு நீலப் பூ பழுப்பாகிவிடும், செடி எவ்வளவு உயரம் இருந்தது என்பதும் மறந்துபோகும். "கொடைக்கானல்" என்று மட்டும் எழுதினால் பிரயோஜனமில்லை. "பூம்பாறையிலிருந்து மன்னவனூர் போகும் ரோடு, இடதுபுறம், ஓடைக்கரை" என்று எழுதுங்கள். தேதி, கடல்மட்ட உயரம், எடுத்த மாதிரிக்கு நீங்களே போடும் வரிசை எண்ணும் வேண்டும்.

அடுத்து ஹெர்பேரியம், அதாவது காயவைத்த செடி மாதிரிகளைப் பாதுகாத்து வைக்கிற இடம். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போய், அங்கிருக்கும் பழைய மாதிரிகளோடு ஒப்பிடுங்கள். புது இனம் என்று நினைத்துப் போனால், பெரும்பாலும் எப்போதோ பெயர் வைத்த செடியாகத்தான் இருக்கும். பரவாயில்லை, இந்த மலையில் அது இருக்கிறது என்பதே செய்தியாகலாம். ஒரு கிளையை அங்கேயே கொடுத்துவிட்டு, அதற்கு அவர்கள் போடும் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாத குறிப்பை யாரும் நம்பமாட்டார்கள்.

அப்புறம் இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி இதழுக்கு அனுப்பலாம். காசு கட்டினால் மூன்றே நாளில் போட்டுவிடுகிறோம் என்று மெயில் வந்தால் அழித்துவிடுங்கள். சரியான இதழ் மெதுவாகத்தான் பதில் சொல்லும், கேள்வியும் கேட்கும். என் முதல் குறிப்பு திரும்பி வந்தபோது ஒரே ஒரு வரிதான் இருந்தது: காய் எங்கே? அடுத்த ஜனவரியில் அதே ஓடைக்கரைக்கு மறுபடி போனேன்.