பிளக்கை மாற்றினால் போதாது: புதுப்பொருள் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரியில் லாஸ் வேகாஸ் சிஇஎஸ் கண்காட்சி முடிந்த கையோடு, புதுப்பொருள் தேடுவோருக்கான எங்கள் வாட்ஸ்அப் குழுவில் புதியவர்கள் சேரத் தொடங்கிவிடுவார்கள். மொழிபெயர்க்கும் காதணி, தானே ஓடிவரும் பெட்டி, ஒரு கைக்குள் அடங்கும் சலவை இயந்திரம் என்று காணொளிகள் குவியும். வாங்கிய பிறகு அதே குழுவில் புலம்பல் வரும். இந்த வேட்டையில் இறங்கிய புதிதில் நானும் அவர்கள் செய்யும் தவறுகளில் பாதியைச் செய்தவன்தான். அதனால் சிரிக்கவும் முடியவில்லை, பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை.

விலையை ஒப்பிட்டுப் பாருங்கள், ஐந்து நட்சத்திர மதிப்புரைகளை நம்பாதீர்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள் என்பதையெல்லாம் ஆயிரம் பேர் எழுதியாயிற்று. அவற்றை விட்டுவிடுகிறேன். சிங்கப்பூரில் இருந்துகொண்டு உலகத்துப் புதுப்பொருள்களைத் தேடும் நம்மவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பது மட்டும் இங்கே.

பிளக்கை மாற்றினால் போதும் என்று நினைப்பது

இதைத்தான் முதலில் வைக்கிறேன், நீளமாகவும் எழுதப்போகிறேன். என் பொறுமையை இன்றுவரை சோதிக்கும் தவறு இது.

செங்காங்கில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தம்பி ஒருவர் தோக்கியோவுக்கு விடுமுறைக்குப் போனவர் அங்கிருந்து ஒரு குட்டிச் சோற்றுப் பெட்டி வாங்கி வந்தார். ஒருவருக்கான மின்சாரச் சமைகலம். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். அரை ஆழாக்கு அரிசி போட்டால் கால் மணி நேரத்தில் சோறு, அதே டப்பாவிலேயே சாப்பிட்டுக்கொள்ளலாம். தனியாகத் தங்கியிருப்பவருக்கு இதைவிட உருப்படியான பொருள் கிடையாது. ஜப்பானிய இரண்டு முள் பிளக்குக்கு விமான நிலையத்தில் அடாப்டரும் வாங்கிவிட்டார். அரிசியும் தண்ணீரும் ஊற்றிச் சுவிட்சைப் போட்டதும், ஒரு கொதி வருவதற்குள் பிளாஸ்டிக் கருகும் வாடை. திறந்து பார்த்தால் அடியில் கரி, மேலே ஊறாத அரிசி, அடிப்பாகம் ஒரு பக்கமாக வளைந்து போயிருந்தது.

படத்தை அனுப்பிவிட்டு, "அண்ணே, அடாப்டர் நல்ல அடாப்டர்தான், பொருள்தான் மட்டம் போலிருக்கிறது" என்று எழுதினார்.

பொருள் மட்டமில்லை. அதைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மாற்றுமின்சாரம் 100 வோல்ட், 200 வாட் என்று அதில் தெளிவாக அச்சிட்டிருந்தது. நம் சுவரில் வருவது 230 வோல்ட். சூடேற்றும் கம்பிச்சுருளில் மின்னழுத்தம் இரண்டே கால் மடங்குக்குச் சற்று மேலே போனால் வெப்பமும் அதே அளவுக்குத்தான் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிக் கூடாது; வர்க்கத்தில் கூடும். இரண்டே காலுக்குச் சற்று மேலே உள்ளதை அதனாலேயே பெருக்கினால் ஐந்துக்கு மேல் வருகிறது. 200 வாட்டுக்குச் செய்த டப்பாவுக்குள் 1,000 வாட்டுக்கும் மேல் போயிருக்கிறது.

இதில் பயமுறுத்தும் சங்கதி வேறு. வீட்டின் சர்க்யூட் பிரேக்கர் விழவே இல்லை. ஏன் விழும்? அந்த டப்பா இழுத்தது ஐந்து ஆம்பியர்கூட இல்லை. நம் மூன்று முள் பிளக்குகளில் பொதுவாக இருக்கும் 13 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது ஒரு கெட்டிலின் பாதிச் சுமை. வீட்டைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. டப்பாவுக்குள் மட்டும் தீப்பிடிக்கப் பார்க்கிறது. உள்ளே இருந்த வெப்ப ஃபியூஸ் அறுந்ததால் அந்தத் தம்பியின் சமையல் மேடை தப்பியது.

நம்மவர்கள் இதில் ஏன் திரும்பத் திரும்ப விழுகிறார்கள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். பழி நம் கிரைண்டர்கள்மீதுதான். கோயம்புத்தூரிலிருந்து வெட் கிரைண்டரையும் சென்னையிலிருந்து மிக்சியையும் கொண்டுவந்து, உருண்டை முள் பிளக்கை வெட்டியெறிந்துவிட்டு நம் ஊர் பிளக்கைப் பொருத்தி, காலங்காலமாக மாவாட்டிக்கொண்டிருக்கிறோம். அது ஓடுகிறது, ஏனென்றால் இந்தியாவிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்கின் வடிவம் மட்டுமே வேறு. அம்மா வீட்டில் பார்த்த அந்தப் பழக்கத்தை அப்படியே தோக்கியோ பெட்டிக்கும் நியூயார்க் முடி உலர்த்திக்கும் நீட்டிவிடுகிறோம்.

ஆகவே இதை மனத்தில் வையுங்கள்: இந்தியா, மலேசியா, சீனா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா எல்லாம் 220 முதல் 240 வோல்ட் வட்டாரம். ஜப்பான் 100. தைவான் 110. அமெரிக்கா 120. ஜப்பானில் இன்னொரு கூத்தும் உண்டு: தோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ், ஒரே நாட்டுக்குள் இரண்டு. அதனால்தான் அங்கே விற்கும் பொருள்களில் இரண்டு எண்களையும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு "எல்லா நாட்டுக்கும் பொருந்துமாம்" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அது ஹெர்ட்ஸ். நீங்கள் பார்க்க வேண்டியது வோல்ட்.

பார்ப்பதும் எளிது. சீட்டில் "100–240" என்று இடையில் கோடு போட்டிருந்தால் பிளக் அடாப்டரோடு தாராளமாகப் பயன்படுத்தலாம்; கைபேசி, மடிக்கணினி சார்ஜர்கள் அப்படித்தான் வருகின்றன. தனியாக 100 அல்லது 120 என்று ஒற்றை எண் இருந்தால் அடாப்டர் உதவாது. பயண முடி உலர்த்திகள் சிலவற்றில் பிடியின் பக்கவாட்டில் 125, 250 என்று ஒரு சிறிய திருகு இருக்கும். அதைத் திருப்ப மறந்தவர்களும் உண்டு.

அடாப்டர் முள்ளின் வடிவத்தை மாற்றும், அவ்வளவே. மின்னழுத்தத்தை இறக்க டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். சிம் லிம் டவர் பக்கம் கிடைக்கும். செங்கல் கனம் கனக்கும். சூடேற்றும் பொருள் என்றால் அதன் வாட் அளவைவிடத் தாராளமாகக் கூடுதலான டிரான்ஸ்ஃபார்மராக வாங்க வேண்டும். அந்த விலையையும் அது மேடையில் அடைக்கும் இடத்தையும் கூட்டிப் பாருங்கள். ஒரு ஆள் சோறு வடிக்க இத்தனை ஏற்பாடா என்று உங்களுக்கே தோன்றிவிடும்.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் மூட்டுவது வாங்குகிறவர்கள் இல்லை. இணையத்தில் 100 வோல்ட் பொருளை விற்றுவிட்டு "அடாப்டர் இலவசம்" என்று பெருமையாகப் போட்டுக்கொள்ளும் விற்பனையாளர்கள்தான். தீக்குச்சியை இலவசமாகக் கொடுக்கிறார்கள். சிங்கப்பூரில் சமைகலம், இஸ்திரிப்பெட்டி, முடி உலர்த்தி, மின்விசிறி, அடாப்டர் உட்பட 33 வகைப் பொருள்களை விற்பதற்குப் பதிவு கட்டாயம். பதிவான பொருளில் பாதுகாப்புச் சின்னமும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கும். நுகர்பொருள் பாதுகாப்பு அலுவலகத்தின் இணையப் பட்டியலில் அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். விற்பவரிடம் பதிவு எண் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவே பதில்.

விசித்திரப் பொருள்கள்மீது ஆசை தீரவில்லை என்றால் யூஎஸ்பி-சி வழியாக மின்சாரம் எடுப்பவற்றைத் தேடுங்கள். கழுத்து விசிறி, மேசை விளக்கு, குட்டி அரைப்பான் என்று இப்போது பாதிக்குப் பாதி அப்படித்தான் வருகின்றன. ஜப்பானில் வாங்கினாலும் சரி, ஜொகூரில் வாங்கினாலும் சரி, உங்கள் வீட்டுச் சார்ஜரில் அவை ஓடும்.

நிதி திரட்டும் பக்கத்தைக் கடை என்று எண்ணுவது

இனிமேல்தான் செய்யப்போகும் பொருளுக்கு மக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் தளமே 2012-இல் "நாங்கள் கடை அல்ல" என்று வெளிப்படையாக அறிவித்தது. கணினியில் வரைந்த பளபளப்பான படங்களை உண்மைப் பொருள்போலக் காட்டக்கூடாது என்றும் அப்போதுதான் விதி வந்தது. அதற்குப் பிறகும் 2014-இல் கூலஸ்ட் கூலர் என்ற பனிப்பெட்டிக்கு 60,000 பேருக்கு மேல் பணம் கட்டினார்கள். 1 கோடியே 30 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் சேர்ந்தது. பனிப்பெட்டிக்குள் மிக்சி, ஒலிபெருக்கி, கைபேசி சார்ஜர் எல்லாம் உண்டு. பணம் கட்டியவர்கள் காத்துக்கொண்டிருக்கும்போதே அது அமேசானில் விற்பனைக்கு வந்தது. 2019 டிசம்பரில் நிறுவனம் மூடியபோது ஏறக்குறைய 20,000 பேருக்குப் பொருள் போய்ச்சேரவே இல்லை.

வெளிநாட்டுக்காரர்கள்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2013-இல் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று வீட்டு உபயோக முப்பரிமாண அச்சுப்பொறி ஒன்றுக்காக 14 லட்சம் அமெரிக்க டாலர் திரட்டியது; பலருக்கு அச்சுப்பொறி வரவில்லை.

நான் ஒரே ஒரு பகுதியை மட்டும்தான் முதலில் படிப்பேன்: ஆபத்துகளும் சவால்களும் என்று அடியில் கொடுத்திருப்பதை. பொருளை வார்க்கும் அச்சு தயாரா, எந்த ஊரில் தயாராகிறது, முன்பு எதையாவது அனுப்பியிருக்கிறார்களா என்பதற்கு அங்கே பதில் இருக்க வேண்டும். "சவால்களைக் குழுவாக எதிர்கொள்வோம்" என்று மட்டும் எழுதியிருந்தால் பக்கத்தை மூடிவிடுங்கள். பணம் கட்டியே தீருவேன் என்பவர்கள், பிறகு வரும் படிவத்தில் பிளக் வகை கேட்டால் பிரிட்டன் வகையைத் தேர்ந்தெடுங்கள். இதைக் கவனிக்காமல் விட்டு அமெரிக்கப் பிளக்கோடு வாங்கியவர்களுக்கு மேலே உள்ள பகுதியை மறுபடி படிக்குமாறு சொல்கிறேன்.

மறுமுனையில் இருக்கும் சர்வரை மறப்பது

சட்டையில் குத்திக்கொள்ளும் ஹியூமேன் ஏஐ பின் 2024 ஏப்ரலில் வாங்கியவர்கள் கைக்கு வந்தது. விலை 699 அமெரிக்க டாலர். மாதச் சந்தா 24 டாலர். 2025 பிப்ரவரி 28-இல் சர்வர்களை, அதாவது தொலைவிலிருந்து அதை இயக்கிய கணினிகளை, நிறுத்தினார்கள். அன்றோடு அது வெறும் உலோகம். ரெவால்வ் என்ற 300 டாலர் வீட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் 2016-இல் இப்படித்தான் செத்தது. வாங்குமுன் கேட்க வேண்டியது ஒன்றே: வீட்டு வைஃபையை அணைத்துவிட்டால் இந்தப் பொருள் எதைச் செய்யும்? "ஒன்றும் செய்யாது" என்றால் நீங்கள் வாங்குவது அந்த நிறுவனத்தின் ஆயுளை.

குழந்தை கண்காணிப்புக் கேமரா, கதவுப் பூட்டு போன்றவற்றுக்கு இணையப் பாதுகாப்பு முத்திரையும் பாருங்கள். 2020 முதல் இங்கே நான்கு நிலைகளில் கொடுக்கிறார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மின்னணுப் பூட்டு பொருத்துகிறவர்கள் உங்கள் வாசற்கதவு தீத்தடுப்புக் கதவா என்று தெரிந்துகொண்டு துளை போடுங்கள்.

எக்ஸ்போர்ட் செட், லோக்கல் செட்

நூறு வெள்ளி குறைவு என்றதும் கண்ணை மூடிக்கொண்டு எக்ஸ்போர்ட் செட், அதாவது வேறு நாட்டுச் சந்தைக்குச் செய்து இங்கே விற்கும் பொருளை, வாங்குவார்கள். விற்பது சட்டப்படி சரிதான். ஆனால் உத்தரவாதம் கடைக்காரருடையது, இங்குள்ள முகவர் கைவைக்க மாட்டார். இன்னொன்று, அந்தப் பொருள் எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டது என்பது உள்ளேயும் இருக்கும். ஈசூனில் ஒரு பாட்டி வீட்டில் தரை துடைக்கும் ரோபோ ஒன்று இருக்கிறது. சீனச் சந்தைக்கான ரகம். மின்சாரம் பொருந்துகிறது, வேலையும் பழுதில்லை. ஆனால் சிக்கிக்கொண்டால் மாண்டரினில் மட்டும்தான் அழும். செயலியில் நாட்டைச் சீனா என்று வைத்தால்தான் அது இணையத்தோடு சேரும். பாட்டிக்கு இப்போது நாலு மாண்டரின் வாக்கியம் தெரியும், பேரனுக்குத்தான் கோபம்.

கடை உள்ளூரில் இருந்தால் இன்னொரு பிடி உண்டு. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த லெமன் சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது கொடுக்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடைக்காரர். உத்தரவாத அட்டை இல்லை என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. கடல் தாண்டி விற்றவரிடம் இந்தப் பாச்சா பலிக்காது.

பேசாத கைக்கடிகாரம்

பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் இருப்பிடம் காட்டும் மலிவுக் கைக்கடிகாரங்களில் இன்னும் 2ஜி ரகம் விற்கிறார்கள். சிங்கப்பூரில் 2ஜி கைபேசிச் சேவை 2017-இலேயே போய்விட்டது. 2024-இல் 3ஜியும் போனது. 4ஜி என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

250 கிராம்

ட்ரோன் அந்த எடைக்கு மேலே இருந்தால் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பரிசாக வந்ததற்கும்தான்.

பழ வாசனை மின்சிகரெட்

வேண்டாம். கையில் வைத்திருப்பதே குற்றம்.

கண்காட்சி என்ற பெயரைப் பார்த்து ஓடுவது

கோமெக்ஸ், சைடெக்ஸ் எல்லாம் பழைய இருப்பைத் தள்ளுபடியில் தள்ளும் இடங்கள். டிவியும் ரௌட்டரும் வாங்கப் போகலாம். புதுமை தேடிப் போனால் கால்தான் வலிக்கும். எனக்குக் கிடைத்த உருப்படியான பொருள்கள் பெரும்பாலும் டைசோவில் இரண்டு வெள்ளிக்குச் சற்று மேலே கொடுத்து வாங்கியவை, அல்லது முஸ்தபாவில் பின்னிரவில் சமையல் பாத்திரப் பகுதியில் தடுக்கி விழுந்து கண்டெடுத்தவை. பழைய பொருள்களை விற்கும் கேரோசல் தளத்தையும் பார்த்துக்கொண்டிருங்கள். முதல் நாளே முண்டியடித்து வாங்கியவர்கள் சில வாரங்களில் பாதி விலைக்கு அங்கே போடுகிறார்கள். பொருளின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் பெரும்பாலானோர் அனுப்பிவிடுவார்கள்.