பெரியவங்க பேச்சைப் பதிவு பண்ணியாச்சா? அப்படியே எழுதியும் வையுங்க
ஏற்காட்டு மலை ஊர்களில் சேர்வராயன் கோயில் கதை, சாமை விதைப்பு, பழைய நடைபாதை என்று பெரியவர்கள் சொல்வதைப் பலரும் போனில் பதிவு செய்கிறார்கள். அருமையான வேலை. ஆனால் ஒரு மணி நேர ஆடியோவில் ஓர் ஊர்ப் பெயரைத் தேடினால் பொழுதே போய்விடும். எழுத்தில் இருந்தால் நொடியில் கிடைக்கும்.

பதிவு செய்த வாரமே எழுதிவிடுங்கள். வேகத்தை 0.75 ஆகக் குறைத்துக் கேளுங்கள். வாய்ஸ் டைப்பிங் (பேச்சைக் கேட்டு போனே எழுதித் தருவது) உதவும்தான், ஆனால் மலைப் பேச்சிலும் ஊர்ப் பெயர்களிலும் தடுமாறும். வரிக்கு வரி சரிபாருங்கள். பேசியதைப் பேசியபடியே எழுதுங்கள். தயவுசெய்து ஏட்டுத் தமிழாகத் திருத்தாதீர்கள், அந்தப் பேச்சுதான் நமக்கு வேண்டும். புரியாத இடத்தில் ஊகிக்காமல் "12:40 - தெளிவில்லை" என்று குறித்துக்கொண்டு, பேசிய பெரியவரிடமே வாசித்துக் காட்டிக் கேளுங்கள். வெளியே பகிர்வதற்கும் அப்போதே சம்மதம் வாங்கிவிடலாம்.