தோட்டத்து மாப்பிள்ளையைக் கட்டறதுக்கு முன்னால கேக்க வேண்டியது

நான் எம்.எஸ்சி., அவர் பத்தாவது. விரும்பிக் கட்டிக்கிட்டு தாராபுரத்துப் பக்கம் தோட்டத்துக்கு வந்தவ. இப்ப எங்க பக்கம் பண்ணையம் பாக்கற பையனுக்குப் பொண்ணு கிடைக்கறதே பெரும்பாடு. அதனால, படிச்ச அம்மணி ஒருத்தி விரும்பி வந்தா, அவங்க வீட்டுல எதைக் கேட்டாலும் சரிம்பாங்க. அதை நம்பி உக்காந்துராதீங்க, வெவரமாக் கேளுங்க.

தோட்டத்தைச் சித்திரையில போய்ப் பாருங்க. ஐப்பசி, கார்த்திகையில எந்தக் காடும் பச்சையாத்தான் இருக்கும். கிணத்தை எட்டிப் பாருங்க. மோட்டார் எத்தனை மணி நேரம் தண்ணி தள்ளுதுன்னு கேளுங்க. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) பாசனம்னா மொத்தம் நாலு மண்டலம், முறை வந்தாத்தான் வாய்க்கால்ல தண்ணி. முறையில்லாத வருசம் எதை வச்சு ஓட்டறீங்கன்னு கேட்டா, பையன் சொல்ற பதில்லயே ஆளு தெரிஞ்சுரும். மேய்ச்சலுக்கு விட்ட கொரங்காடும் ஆடும் இருந்தாக் கொஞ்சம் தெம்பு.

அடுத்தது மாடு. ரெண்டே கறவை இருந்தாலும் வெடியாலயும் பொழுதோடயும் கறந்து சொசைட்டிக்கு ஊத்தியாகணும். கோயமுத்தூர்ல இருக்கற அம்மா வீட்டுல ரெண்டு பேரும் ஒரு ராத்திரி தங்கணும்னா இங்க கறக்க ஆளு வேணும். கை மாறுனா மாடு பாலை அடக்கிக்கும். எங்களுக்குள்ள முக்காவாசிச் சண்டை இதுக்குத்தான். படிப்பை வச்சு ஒரு நாளும் வந்ததில்லீங்க. மாத்து ஆளு யாருன்னு பேரோட சொல்லச் சொல்லுங்க. "அம்மா பாத்துக்குவாங்க"ன்னா, அந்தம்மாவுக்கு முட்டுவலி இருக்கான்னும் விசாரிங்க. பால் பணம் யாரு கணக்குல ஏறுதுன்னும் அப்பவே கேட்டுக்கங்க.

வீட்டுல இருந்தே வேலைன்னா, அந்த வீட்டுத் திண்ணையிலயே உக்காந்து வீடியோ கால் போட்டுப் பாருங்க. சந்தகை (எங்க பக்கத்து இடியாப்பம்) புழியத் தெரியலைன்னு சொல்லிக் காட்டுவாங்க, விடுங்க. அரிசிம்பருப்பு வைக்கத் தெரிஞ்சாப் போதும்.

சாதி வேறன்னா, மாப்பிள்ளையோட அக்கா தங்கச்சி செய்யற இணைச்சீர் உண்டா, சீரை நடத்தி வைக்கற அருமைக்காரர் வருவாரான்னு நாள் குறிக்கறதுக்கு முன்னாடியே பேசிருங்க. மிரட்டல் வந்துச்சுன்னா, தனியா வா பேசிக்கலாம்னு சொந்தக்காரங்க யாரு கூப்பிட்டாலும் போகாதீங்க, எஸ்.பி. ஆபீசுல பாதுகாப்பு கேட்டு மனுக் குடுங்க.

கல்யாணம் எங்க நடந்தாலும் பதிஞ்சுருங்க. 2009ஆம் வருசத்துச் சட்டப்படி அது கட்டாயம், 90 நாளுக்குள்ள பதியணும். விருந்துக்குப் போற அலைச்சல்ல நாள் ஓடிரும்; தாலி கட்டுன வாரமே சார்பதிவாளர் ஆபீசுக்குப் போங்க, வெடியால கறவை முடிஞ்சதும்.